பாலில் ஊறிய பல்லச்சு

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேனாக இருந்தேன். ஃபோர்மேன் என்றால் பெரிய உத்தியோகம் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டதால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது. உண்மையில் அது நாள் முழுக்க ஒரே ஒரு பொருளோடு சண்டை போடுகிற வேலை. அந்தப் பொருள் ஈரம். மருந்தில் ஈரம் ஏறினால் வெடி நமுத்துப்போகும். அது முதலாளியிடம் திட்டு வாங்குவதோடு முடிந்துவிடும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும். அதற்குமேல் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ஆகவே தூறல் விழுந்தால் முதலில் ஓடுகிறவன் நான். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்த பெண்களைக்கூட வாசலிலேயே நிறுத்தி, துவட்டிவிட்டு உள்ளே போகச் சொல்லியிருக்கிறேன். போதாதற்கு கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. வேறு. ஒரு மனிதன் முட்டாள்தனத்தைத் தன்னம்பிக்கையோடு செய்வதற்கு ஒரு டிகிரி தாராளமாகப் போதும்.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெரு அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவளின் கை வழுக்கிவிட்டது. கீழே போன கைப்பிடி எகிறி வந்து வாயில் அடித்தது. நான் ஓடிப்போனபோது வாயெல்லாம் ரத்தமாக நின்றாள். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று பம்பு மேடையில் கிடந்தது. மனைவி அவளைப் பிடித்துக்கொண்டு அலற, நான் பல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். பயந்து நடுங்குகிற ஆட்களுக்குக் கைவேலை ஒன்று வேண்டும். எனக்குக் கிடைத்தது அந்தப் பல்.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவினேன். வேரில் சதை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அழுகிவிடுமே என்று பாதி பிளேடால் அதைச் சுத்தமாகச் சுரண்டினேன். துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் காட்டி, ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து உள்ளே போட்டேன். கம்பெனி ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து பீரோவில் வைத்திருந்த சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டையும் அதோடு திணித்தேன். காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிக் குடித்துவிடும் சரக்கு அது. மூடியை இறுக்கியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உதட்டில் தையல் போட்டு, ஞாயிற்றுக்கிழமையில் பல் டாக்டரைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. சிவகாசியில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த பெண் டாக்டர். வீட்டிலிருந்து கிளம்பி வந்து கதவைத் திறந்தார். மகளின் வாயைப் பார்த்தார், பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பல்லக் கொண்டாந்தீகளா சார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டப்பாவை மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்துக் குலுக்கினார். உள்ளே சரசரவென்றது. மூடியைத் திறந்தார்.

"உள்ள என்னமோ பாக்கெட் இருக்கு?"

"சிலிக்கா ஜெல், மேடம். சொட்டு ஈரம் இருக்காது."

அவர் என்னை வெளியே அழைத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேர்ல சதை ஒட்டியிருந்திருக்குமே?"

"சுத்தமாச் சுரண்டிட்டேன்."

"அந்தச் சதைதான் சார் பல்லப் பிடிச்சு வைக்கிறது. அது உயிரோட இருந்தாத் திரும்ப உள்ள வச்சு, பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டியிருப்பேன். அதப் பிளேடால எடுத்துட்டு, மிச்சத்தையும் காய வச்சுக் கொண்டாந்திருக்கீக."

"அப்ப எதுல கொண்டாரணும்?"

"ஒரு டம்ளர் பால்ல போட்டிருந்தாப் போதும்."

"பால்லயா?"

"ஆமா. இது பல்லு சார். பட்டாசு இல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எகிறியிருப்பேன். மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கோங்க," என்றார். நான் உள்ளே போய் மகளிடம், வேர் முறிந்துவிட்டதாம், இனி ஒட்டாதாம் என்று சொன்னேன். பொய் சொல்லும்போது மட்டும் என் குரலில் நடுக்கமே இருப்பதில்லை.

ஈறு ஆறியதும், கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பல் செய்துகொள்ளலாம், வளர்ச்சி நின்ற பிறகு நிரந்தரமாக ஏதாவது பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். பல்லைவிட மோசம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "பொம்பளப் புள்ள, முன்பல்லு போச்சே, நாளப்பின்ன பாக்க வாரவன் என்ன சொல்லுவான்," என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி கவலைப்பட்டார்கள். பல் போனவளுக்கு ஆரஞ்சுப் பழம் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உள் அறையைவிட்டு வருவதே குறைந்தது. பேசினால் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். சிரிப்பு என்பதே இல்லை. இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. திங்கட்கிழமை காலாண்டுப் பரீட்சை.

"பல்லு வந்தாப் போறேன். வரலன்னாப் பரிச்ச எழுதல," என்றாள் கைக்குப் பின்னாலிருந்து.

சனிக்கிழமை காலை அளவெடுக்கப் போனோம். டாக்டர் ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் ரோஸ் நிறப் பவுடரைக் கொட்டி, தண்ணீர் விட்டு, பஜ்ஜி மாவு கலக்குகிற வேகத்தில் அடித்தார். மிட்டாய் வாசனை வந்தது. அதை ஒரு லாட வடிவத் தட்டில் வழித்து மகளின் மேல்வாயில் அழுத்திப் பிடித்தார். இரண்டு மூன்று நிமிஷத்தில் கூழ் ரப்பராகிவிட்டது. பொளக்கென்று வெளியே எடுத்தார். என் மகளின் வாய் தலைகீழாக என் முன்னால் இருந்தது. பதின்மூன்று பல்லுக்கும் பதின்மூன்று குழி. ஓர் இடத்தில் மட்டும் குழியில்லாமல் வழவழவென்று கிடந்தது. நான் அதை ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

இந்த அச்சில்தான் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வாயின் உருவம் எடுப்பார்கள். அந்த உருவத்தின்மேல்தான் பல் செய்வார்கள். செய்கிற லேப் விருதுநகரில் இருந்தது. வழக்கமாக வந்து வாங்கிக்கொண்டு போகிற ஆள் சிக்குன்குனியாவில் படுத்திருந்தார். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நடந்தவர்களே கொஞ்சம்தான். டாக்டர் லேபுக்குப் போன் போட்டார். காலையிலேயே அச்சு வந்துவிட்டால் ஞாயிறு சாயங்காலம் பல் ரெடி என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த ஆள் கையிலா என்று அவர் நினைத்தது நன்றாகவே தெரிந்தது.

"சார், இது காயக் கூடாது. ஈரப் பஞ்சு சுத்திக் கவர்ல போட்டிருக்கேன். ஒரு மணி நேரத்துக்குள்ள, பிரிக்காம, அப்படியே குடுத்துருங்க."

"நா பாத்துக்கிறேன் மேடம்."

மூன்று பேராக வந்ததால் பைக் வீட்டிலேயே இருந்தது. மகளையும் மனைவியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். கூட்டம். இன்ஜின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. திருத்தங்கல் போனதும் ரயில்வே கேட் போட்டுவிட்டான். வெயில் ஒரு பக்கம், இன்ஜின் சூடு ஒரு பக்கம், மடியில் என் மகளின் வாய். பத்து நிமிஷத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. எனக்கு வியர்த்தால் இதற்கும் வற்றுமே என்று தோன்றியது. கவரைப் பிரித்துப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஓரம் காய்ந்த மாதிரி இருந்தது. பிரிக்காதே என்று சொன்ன கவரைப் பிரித்துக் காற்றுப்பட வைத்தவனும் நான்தான், காய்கிறதே என்று பதறியவனும் நான்தான்.

ஒரு தடவை காயவிட்டுத்தான் பல்லைக் கொன்றேன். இரண்டாவது தடவை அது நடக்காது. பல்லுக்குப் பால் என்றால் பல்லின் அச்சுக்கும் பால்தானே? இந்தத் தர்க்கத்தில் எனக்கு எந்த ஓட்டையும் தெரியவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, பால் குடுங்க. பச்சப் பாலு."

"பிள்ளைக்கா?"

"ஆமா."

பையில் கிடந்த என் காலி டிபன் டப்பாவைக் கழுவி, அச்சை உள்ளே வைத்து, அது முழுகும்வரை பாலை ஊற்றச் சொன்னேன். டீக்கடைக்காரர் ரோஸ் நிறத்தில் முழுகியதைக் குனிந்து பார்த்தார்.

"இதுவா பிள்ள?"

நான் பதில் சொல்வதற்குள் கேட் திறந்து, நான் வந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றேன். அது வந்ததும் நின்றுகொண்டே பயணம். ஒரு திருப்பத்தில் டப்பா மூடி நெகிழ்ந்து, பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் சேலையில் பால் கொட்டிவிட்டது.

"ஏண்ணே, மேல பால ஊத்துறீக? நா என்ன புத்துக்கோயிலா?"

"தெரியாமக் கொட்டிருச்சும்மா, மன்னிச்சுக்க."

"டப்பாவுக்குள்ள என்னத்தக் கொண்டு போறீக?"

"எம் மக வாயி."

உண்மையைச் சொல்லும்போதுதான் என் குரல் நடுங்கும். அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

லேப் என்றதும் கண்ணாடிக் குடுவைகள், வெள்ளைக் கோட்டு என்று மனசில் ஒரு படம் வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. மாவு மில்லிலிருந்து வந்தவர் போலத் தலையெல்லாம் வெள்ளையாக ஒருவர், பனியனோடு உட்கார்ந்து மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். மூலையில் அடுப்பின்மேல் ஒரு பிரஷர் குக்கர். அதில் வேறு யாரோ ஒருவருடைய பல்செட் வெந்துகொண்டிருந்தது.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ஸுல ஏறியிருக்கணும். இது பால்கோவா போடத்தான் ஆகும்."

"காயக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாக."

"காயக் கூடாதுன்னாகளா, குளிக்கச் சொன்னாகளா?"

அவர் அச்சை வெளியே எடுத்து உதறி, பெருவிரலால் அழுத்திக் காட்டினார். மேல்பக்கம் கொழகொழவென்று வழுக்கியது. பிறகு அலமாரியிலிருந்து, யாரோ வாங்காமல் விட்டுப்போன பழைய அச்சு ஒன்றை எடுத்துப் போட்டார். அது எலுமிச்சை வத்தல் மாதிரி சுருங்கி, தட்டைவிட்டே கழன்று கிடந்தது.

"இது கடல்பாசிச் சரக்கு அண்ணாச்சி. முக்காவாசி தண்ணிதான். காத்துல வச்சா உள்ள இருக்க தண்ணிய விட்டுட்டுச் சுருங்கும். தண்ணில போட்டா வெளிய இருக்கதையும் குடிச்சிட்டு உப்பும். பாலோ மோரோ, அதுக்கு எல்லாம் ஒன்னுதான். ரெண்டுக்கும் நடுவுல லேசா ஒரு ஈரம் வேணும். அம்புட்டுத்தான் அந்தம்மா சுத்திக் குடுத்திருப்பாக. அத எங்க?"

பஞ்சைத் திருத்தங்கல் டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"கொஞ்சந்தானே உப்பியிருக்கும்? அட்ஜஸ்ட் பண்ணிச் செய்யக் கூடாதா?"

"செய்யலாம். உங்க மகளுக்குத்தான் சேராது. விருதுநகர்ல வேற யாருக்காச்சும் சேரலாம். அதுக்கும் மொதல்ல மாவு எறுகணும். இந்தப் பால் சவ்வுமேல ஊத்துனா மேல்மாவு பொடிப்பொடியா உதிரும்."

"அப்ப மகளையே இங்கன கூட்டியாரேன். நீங்களே அளவெடுத்து, குக்கர்ல கொஞ்சம் தீயக் கூட்டி வச்சு…"

அவர் குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அளவெடுக்கிறது டாக்டர் வேல, நா வாயில கைய வைக்கக் கூடாது. தீயக் கூட்டுனா பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளயே கொதிச்சு, பொத்துப் பொத்தா வரும். பொத்துக்குள்ள சோறு போயி ஒக்காரும். பொம்பளப் புள்ளைக்கு அதையா மாட்டுவீக?"

உருவாகும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நேரமும் ஒரு நிதானமும் இருக்கின்றன என்பதை பி.எஸ்ஸி.யில் மூன்று வருஷம் எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். பனியன் போட்ட ஒருவர் அதை எனக்கு மறுபடி நடத்தினார். அவரே டாக்டருக்குப் போன் போட்டு, சிரிக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். சிரிக்காமல் இருக்க அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பால்லயா சார்?" என்றார் டாக்டர்.

"நீங்கதானே மேடம் சொன்னீக."

"அது பல்லுக்கு சார்!"

அவர் மதுரை கிளம்பிக்கொண்டிருந்தார். திங்கள் மாலைதான் வருவார். ஆக, பரீட்சைக்குப் பல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவிதான் கதவைத் திறந்தாள். என் கையில் காலி டிபன் டப்பா. சட்டையெல்லாம் புளித்த பால் வாசனை. நடந்ததை வாசலிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே போய்விட்டால் சொல்ல வராது என்று பயம்.

"பாலுக்குள்ளயா போட்டீக?" என்றாள். "ஏங்க, காப்பிக்குக் கால் லிட்டர் கூட வாங்கச் சொன்னா நூறு கணக்குக் கேப்பீக. நடுரோட்டுல எறங்கி, பிளாஸ்டிக் மாவுக்குப் பாலூட்டிட்டு வந்திருக்கீக!"

உள் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பூக்காரப் பெண்ணின் புத்துக்கோயிலைச் சொன்னதும் மகள் வெளியே வந்துவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாயில் கை இல்லை. அந்த இடைவெளி தெரியச் சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. நான் இன்னும் கொஞ்சம் கோமாளித்தனம் சேர்த்து, டீக்கடைக்காரர் குனிந்து பார்த்ததையும் நடித்துக் காட்டினேன். பரீட்சைக்குப் போய்விடுவாள் என்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சரி, எதுக்குப்பா பாலு?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "தண்ணி இல்லையா? எதுக்குப் பால்ல போட்டீக?"

"டாக்டர் சொன்னாக."

"இதப் பால்ல போடச் சொன்னாகளா?"

"இதையில்ல."

"பெறகு எத?"

மனைவிக்கும் அதுவரை தெரியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். பொய்யாக ஏதாவது சொல்ல நேரம் இருந்தது; ஆனால் ஒன்றும் வரவில்லை. பல்லுக்குச் சோப்புப் போட்டதை, பிளேடால் சுரண்டியதை, காயவைத்ததை, டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது மகளின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. கை மட்டும் மெல்ல மேலே போய் வாயை மூடிக்கொண்டது.

"வேரு முறிஞ்சிருச்சுன்னு சொன்னீக," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலை யூனிஃபார்ம் போட்டு, ரெட்டைச் சடை பின்னி, பேனாவும் ஸ்கேலுமாக நின்றாள். நான் பைக் சாவியை எடுத்தேன்.

"வேண்டாம். அம்மாவோட பஸ்ஸுல போயிக்கிறேன்."

பல் இல்லாமலே பரீட்சைக்குப் போனதை என் மனைவி அக்கம்பக்கத்தில் தைரியம் என்று சொல்லிக்கொண்டாள். எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அவளுக்குக் கணக்குப் பரீட்சை மேலாகத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரமே டாக்டர் மறுபடி அளவெடுத்தார். அச்சை என் மனைவி விருதுநகருக்குக் கொண்டுபோனாள், பிரிக்காமல். பல் சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு நான் கம்பெனியில் இருந்தேன், லீவு கேட்கவில்லை.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் மகள் அந்தக் கதையைச் சொல்லுவாள். டீக்கடை, புத்துக்கோயில், பால்கோவா எதையும் விடமாட்டாள். என்னைவிட நன்றாகவே நடித்துக் காட்டுவாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதுக்குப் பால் என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கி யாராவது கேட்பதற்குள் அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பிறகு, "காப்பி சாப்பிடுறீகளா?" என்று அவர்களைக் கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போய்விடுவாள்.